ரிப்போர்ட்டில் சாராயம் தெரியாது

"எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கா? அப்ப தண்ணிதான்."

நோர்வூட் பஜாரில் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் இது. மருந்துக்கடையில் நிற்கும் தம்பி சொல்வார், ஓட்டோக்கார அண்ணன் சொல்வார், லயத்துக்குத் திரும்பினால் பக்கத்துக் காம்பராக்காரரும் சொல்வார். ரிப்போர்ட் ஆயுளில் ஒரு சொட்டு வாயில் வைக்காத அம்மாவுடையது என்றால் மட்டும் பேச்சு சற்றுத் தடுமாறும். கொஞ்ச நேரத்தில் "மறைச்சுக் குடிக்கிறாங்களோ என்னவோ" என்று அதற்கும் ஒரு வழி பிறந்துவிடும்.

தோட்டத்து ஆள் என்றாலே குடி என்று முடிவுகட்டுவது துரைமார் காலத்துப் பழக்கம். இப்போது அதற்கு ஆய்வுகூடத்துச் சீட்டு ஒன்றும் சாட்சியாகக் கிடைத்திருக்கிறது. அந்தச் சீட்டு உண்மையில் அப்படிச் சாட்சி சொல்வதில்லை என்பதுதான் என் வாதம். சாட்சி சொல்வதாக நாம் நம்பிக்கொண்டிருப்பதால், கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களில் பலருக்கு உடம்பில் எந்தக் குறையும் தெரியாது. மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போக ஆயத்தமாகும் பெண்ணுக்கு மெடிக்கலில் எடுப்பார்கள். சீனி, பிரஷர் கிளினிக்கில் எழுதிக் கொடுப்பார்கள். ஒப்பரேஷனுக்கு முன் பார்ப்பார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் அப்பாவை அழைத்துப்போய் 'ஃபுல் பொடி செக்கப்' செய்விப்பான். நன்றாக இருந்த மனிதர் ஒரு காகிதத்தால் நோயாளியாகவும், அதே மூச்சில் குடிகாரராகவும் ஆகிவிடுகிறார்.

முதலில் அந்த எண் என்ன என்று பார்த்துவிடலாம். எஸ்.ஜி.பி.டி. என்பதை இப்போது ஏ.எல்.டி. என்றும், எஸ்.ஜி.ஓ.டி. என்பதை ஏ.எஸ்.டி. என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் உயிரணுக்களுக்குள் வேலை செய்யும் நொதியங்கள். அணு அடிபட்டாலோ செத்தாலோ அவை இரத்தத்தில் கசிகின்றன. எல்லோருடைய இரத்தத்திலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கூடினால் எங்கோ கசிவு கூடியிருக்கிறது என்று பொருள். யார் அடித்தார்கள் என்று நொதியத்துக்குத் தெரியாது. 1954இல் நியூயோர்க்கில் லாடூ, வ்ரொப்லெவ்ஸ்கி, கார்மன் ஆகிய மருத்துவர்கள் எஸ்.ஜி.ஓ.டி. அளவை முதலில் பயன்படுத்தியது மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான். ஈரலுக்கு அது வந்து சேர்ந்தது பிறகு.

இனிக் குடிக்கு வருவோம். எஸ்.ஜி.பி.டி. கூடினால் குடி என்பது பாதி உண்மை கூட இல்லை. ஏறக்குறைய தலைகீழான கூற்று. குடியால் ஈரல் அழற்சி கண்டவர்களிடம் அதிகம் ஏறுவது எஸ்.ஜி.ஓ.டி.தான், எஸ்.ஜி.பி.டி. பின்தங்கி நிற்கும். எஸ்.ஜி.பி.டி.யை உருவாக்க வைட்டமின் பி6 வேண்டும், தொடர்ந்து குடிப்பவரிடம் அது வற்றிப்போயிருக்கும் என்பது ஒரு காரணம். எனவே எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மருத்துவர் குடியைப் பற்றிக் கேட்பார். அப்போதும் அந்த எண்கள் பொதுவாக 300ஐத் தாண்டுவதில்லை. ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் வைரஸையோ மருந்து நஞ்சையோ தேட வேண்டும். எஸ்.ஜி.பி.டி. முன்னால் நின்று எஸ்.ஜி.ஓ.டி. பின்னால் வந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு ஈரலின் சாடை. ஈரலில் தழும்பு முற்றும்போது இந்த வரிசை மாறிவிடுவதும் உண்டு என்பதால் இதையும் வேதவாக்காகக் கொள்ளக் கூடாது.

ஜி.ஜி.டி. என்று இன்னொரு எண்ணைக் காட்டி, "இது குடிக்கென்றே உள்ள டெஸ்ட்" என்பவர்களும் இருக்கிறார்கள். குடித்தால் அது ஏறும். வலிப்புக்குக் கொடுக்கும் பினைற்றோயின் சாப்பிட்டாலும் ஏறும். பித்தக்குழாய் அடைத்தாலும், ஈரலில் கொழுப்பு சேர்ந்தாலும் ஏறும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. தினமும் தவறணைக்குப் போகிற பலருக்கு இந்த எண்கள் ஒழுங்காகவே இருக்கும். அவர்கள் ரிப்போர்ட்டைக் காட்டி, "பாருங்க, நமக்கு ஒன்னும் இல்ல" என்று நிம்மதியாக அடுத்த போத்தலைத் திறப்பார்கள். குடிக்காதவரைக் குற்றவாளியாக்கும் அதே சீட்டு குடிப்பவரை விடுதலை செய்துவிடுகிறது. குடியை அளக்க வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்பதே வழி. கால் போத்தல் சாராயம், அதாவது 180 மில்லிலீற்றர், ஏறக்குறைய 47 கிராம் மதுசாரம். வாரத்துக்கு ஆணுக்கு 210 கிராமும் பெண்ணுக்கு 140 கிராமும் கடந்தால், ஈரலில் தெரியும் கொழுப்பில் குடிக்கும் பங்கு உண்டு என்றே மருத்துவ உலகம் கணக்கு வைக்கிறது. வாரத்தில் ஐந்து 'கால்' அடிக்கும் ஆண் அந்த எல்லையைத் தாண்டியவர்தான். கசிப்பில் இந்தக் கணக்கும் செல்லாது, அதில் எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. மலையகத்தில் குடிப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் கருவி இதுவல்ல.

அடுத்த கூற்று இன்னும் ஆழமாக வேரூன்றியது: "மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறவங்களுக்கு எங்க கொழுப்பு? அது கொழும்புக்காரங்க வருத்தம்."

இதற்கான பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தைச் சேர்ந்த குழு ஒன்று நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையான 403 பேரைப் பரிசோதித்து, முடிவுகளை 2011இல் வெளியிட்டது. பெரும்பாலோர் மலையகத் தமிழர். உடலுழைப்பு மிகுந்த, வருமானம் குறைந்த சமூகம் என்று ஆய்வின் தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஸ்கேன் செய்து பார்த்தபோது, குடியைக் காரணம் காட்ட முடியாத கொழுப்பு ஈரல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இருந்தது. இதே வயதுக்காரர்களை, நகரப் பகுதியான ராகமவில் சுமார் 3,000 பேரைப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு இருந்ததாக அதே பீடத்தார் 2009இல் எழுதியிருந்தார்கள். நகரத்தில் கூடத்தான். ஆனால் தோட்டத்தில் பூச்சியமாக இருக்கும் என்று நினைத்தோமே, அந்த இடத்தில் ஐந்தில் ஒருவர். இடுப்புச் சுற்றளவும் உடல் நிறையும் கூடியவர்கள், இரத்தத்தில் சீனி கூடியவர்கள், பிரஷர் உள்ளவர்கள், ஆண்கள் ஆகியோரிடம் அதிகம் தென்பட்டது.

இந்த ஆய்வு வெளிவந்து இத்தனை ஆண்டுகளாகியும் தோட்டத்துப் பேச்சில் அது இறங்கவேயில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. நம்மைப் பற்றிய குடிக் கதைகள் மட்டும் நாடெங்கும் தெரிந்திருக்கின்றன.

உழைக்கிற உடம்பில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது? தட்டைப் பார்த்தால் பாதி விளங்கும். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலுக்கும் பல வீடுகளில் அதே ரொட்டி, இரவில் சோறு. அரிசியும் மாவும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்தில் பழகிய நாக்கு இது. பருப்பும் முட்டையும் மீனும் கைக்காசைப் பொறுத்தவை. நடுவில் தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் 40 கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் 50 கிராமை மேல் எல்லையாகவும் 25 கிராமை நல்ல அளவாகவும் சொல்கிறது. எரிந்து தீராத மாச்சத்தையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எண்ணெய் சாப்பிட்டால்தான் ஈரலில் எண்ணெய் என்று நினைப்பது தவறு.

"சரி, ஆனா ஆள் ஒல்லியாத்தானே இருக்காரு?" என்பார்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் ஜோன் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் உள்ள கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். மெலிந்த கை கால், உள்ளே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு என்ற இந்த வார்ப்பு தெற்காசியர்களிடம் பரவலாகக் காணப்படுவது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், கொழுப்பு ஈரல் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பருமனுமில்லை, தொப்பையும் இல்லை.

தாயின் வயிற்றிலேயே ஊட்டம் குறைந்து, சிறிதாகப் பிறந்து, பிறகு மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கிற உடம்பு கொழுப்பைப் பத்திரப்படுத்தும் சுபாவத்தோடு வளர்கிறது என்று யாஜ்னிக் போன்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது 32 சதவீதம். நேற்றைய பட்டினியும் இன்றைய ஈரல் கொழுப்பும் ஒரே வீட்டுக் கதை என்று நான் நினைக்கிறேன். இதைக் குடி என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டால் தோட்ட நிர்வாகத்துக்கும் அரசுக்கும் வசதிதான், தவறு முழுவதும் தனிமனிதர் தலையில் போய் விழுகிறது.

நமக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே கூடுதல்தான். அதைவிட எளிது ஓர் அளவு நாடா. இடுப்பு ஆணுக்கு 90 சென்றிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்றிமீற்றர். அதற்கு மேல் போனால் எஸ்.ஜி.பி.டி. பார்ப்பதற்கு முன்பே சீனி பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தில், எண் பெரிதானால் ஆபத்து பெரிது, எண் நோர்மல் என்றால் ஈரல் நோர்மல் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. கூடையிலிருந்து வழியில் உதிர்ந்த கொழுந்தை எண்ணி மலையில் எத்தனை செடி மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? செடியே இல்லாத மலையிலிருந்து ஒரு கொழுந்தும் உதிராது. சுருங்கித் தழும்பேறிய ஈரலில் கசிவதற்கு அணுக்களே குறைவு. ஹெபடைடிஸ் ஏ வந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எஸ்.ஜி.பி.டி. இரண்டாயிரம் இருக்கும், பெரும்பாலும் சில வாரங்களில் தழும்பில்லாமல் குணமாகிவிடும். வயிற்றில் நீர் கோத்துப் படுத்திருப்பவருக்கு 35 இருக்கும். ஈரலின் வேலைத்திறனைச் சொல்லுபவை வேறு: அல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம்.

தழும்பு இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க ஒரு மலிவான கணக்கு உண்டு. ஃபிப்-4 என்பார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அதை இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையும் (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே வந்தால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்புக் குறைவு, 2.67க்கு மேலே போனால் உடனே நிபுணரிடம் போக வேண்டும். நடுவில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற மேல்பரிசோதனை. 65 வயது கடந்தவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைப்பார்கள்.

கணக்குக்காக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 36 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 50, எஸ்.ஜி.பி.டி. 95, தட்டுக்கள் 280. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இரண்டு எண்கள், வீடே பதறும். அவருடைய ஃபிப்-4 வெறும் 0.66. இன்னொருவருக்கு 58 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 44, எஸ்.ஜி.பி.டி. 38, தட்டுக்கள் 140. "எல்லாம் கிட்டத்தட்ட நோர்மல்" என்று சீட்டை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவார். அவருடையது 2.96. கிளினிக்கில் முதலில் கூப்பிட வேண்டியது இரண்டாமவரை.

நோர்மல் என்ற எல்லைக்கோடே ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடும். பலவற்றில் 40க்கு மேல் வரை விடுகிறார்கள். அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவக் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டல் எஸ்.ஜி.பி.டி.க்கு ஆண்களுக்கு 29 முதல் 33 வரையும், பெண்களுக்கு 19 முதல் 25 வரையும் மட்டுமே மேல் எல்லை என்கிறது. அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் 36 என்று எழுதி 'நோர்மல்' என்று அனுப்பிவிட்ட பெண்ணை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.

ஈரலுக்கு வெளியிலிருந்தும் இந்த எண் ஏறும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் சிவப்பணுவிலும் உண்டு. நீண்ட நாள் வேலையில்லாமல் இருந்துவிட்டுக் கவ்வாத்து வெட்டவோ கான் வெட்டவோ போய், உடம்பு முறிய வேலை செய்த மறுநாள் இரத்தம் கொடுத்தால் அது ஏறியிருக்கலாம், சி.கே. என்ற தசை நொதியத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணு உடைந்தாலும் ஏறும். தைரொயிட் குறைபாடும் ஒரு காரணம். ஆகவே காய்ச்சலோ மஞ்சளோ இல்லாமல் சற்றே கூடியிருந்தால் முதல் மருந்து, சில வாரங்கள் கழித்து இன்னொரு பரிசோதனை. சொல்வது சுலபம். அதற்காக இன்னொரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்பதால்தான் நம்மில் பலர் இரண்டாம் தடவை போவதில்லை. முதல் சீட்டே ஆயுள் தீர்ப்பாகிவிடுகிறது.

அதற்குப் பதிலாக என்ன நடக்கிறது? "இங்கிலிஷ் மருந்து சூடு, ஈரலைக் கெடுத்துடும், நாட்டு மருந்து ஒன்னும் செய்யாது" என்று ஒரு கஷாயம். இல்லாவிட்டால் பஜாரில் ஒரு 'ஈரல் டொனிக்'.

இதன் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மருந்துகளால் ஈரல் அடிபடுவது உண்டு. காசநோய் மாத்திரைகள், வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோயேட் ஆகியவை தெரிந்த உதாரணங்கள். அதற்காகத் தானாக நிறுத்திவிட்டால் காசநோய் திரும்பி வரும், மருந்துக்கு அடங்காததாகவும் வரும். எழுதிக் கொடுத்த டொக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி அவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இன்னும் அதிகம். எஸ்.ஜி.பி.டி. மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டாதவரை அட்டோவஸ்டட்டினை நிறுத்தத் தேவையில்லை என்பது உலகெங்கும் ஒத்துக்கொண்ட விஷயம். கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பு. அதைத் தடுக்கும் மாத்திரையை ஈரலின் பெயரால் தூக்கி எறிகிறோம்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று மேசை மேலேயே கிடக்கும்: பனடோல். முழங்கால் வலிக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தலைவலிக்கு இரண்டு. தடிமன் மாத்திரைக்குள்ளும் அதே பரசிட்டமோல். 500 மில்லிகிராம் மாத்திரை வளர்ந்தவருக்கு 24 மணிநேரத்தில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. தினம் குடிப்பவருக்கும் சாப்பாடு சரியில்லாதவருக்கும் அதிலும் குறைவாகத்தான்.

இனி அந்த இரண்டாம் பாதி. கீழாநெல்லிக்கு விஞ்ஞானமே சான்று கொடுத்துவிட்டது என்பார்கள். கொடுத்தது போல் இருந்தது உண்மை. சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் சேர்ந்து 1988இல் லான்செட்டில் எழுதினார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த பரிசோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த 1988 மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

சீந்தில் கதை இன்னும் கசப்பு. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்தி என்று சொல்லிச் சீந்திலைக் குடித்த ஆறு பேர் கடுமையான ஈரல் அழற்சியோடு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். இந்திய ஆயுஷ் அமைச்சு அதை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டே இந்தியாவின் பல வைத்தியசாலைகளிலிருந்து 43 பேரின் பதிவுகள் சேர்ந்து வெளிவந்தன. இலையும் வேரும் உடம்பில் வேலை செய்யும் என்று நம்பித்தானே குடிக்கிறோம். வேலை செய்கிற பொருள் கெடுதலும் செய்யலாம். கொத்தமல்லித் தண்ணியை நான் சொல்லவில்லை. பெயரில்லாத தூளையும், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத குளிசையையும் சொல்கிறேன்.

கொழுப்பு ஈரலுக்கு நிரூபணமான வைத்தியம் இன்றுவரை பெரும்பாலானவர்களுக்கு எடைக் குறைப்பே. 70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ, அதாவது 5 சதவீதம் குறைத்தால் ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். தேத்தண்ணியில் சீனியைப் பாதியாக்குவதும், ஒரு வேளை ரொட்டிக்குப் பதில் கடலையோ பயறோ கீரையோ வைப்பதும் இங்கே முடிகிற காரியம். கோப்பி குடிப்பவர்களுக்கு இந்த நொதியங்களும் ஈரல் தழும்பும் குறைவாகக் காணப்படுவது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1869இல் இலைநோய் வந்து அழித்திருக்காவிட்டால் இந்த மலைகளில் இன்றும் கோப்பிதான் நின்றிருக்கும் என்பது நினைவுக்கு வருகிறது. அதற்காகத் தேயிலையைப் பிடுங்க வேண்டியதில்லை, சீனியை நிறுத்தினால் போதும்.

கடைசியாக, "ஃபேட்டி லிவர் இப்ப எல்லாருக்கும் இருக்கு, விடுங்க" என்ற அலட்சியம். இதைச் சில வேளை வெள்ளைச் சட்டைக்காரர்களே சொல்வதுதான் வேதனை. பலருக்கு இருப்பது உண்மை. அவர்களில் யாருக்குத் தழும்பு விழுகிறது என்று பார்க்காமல் விடுவதற்கு அது காரணமாகாது. அதோடு, கொழுப்பு என்று முடிவுகட்டுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இலங்கையின் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்களில் போட்டுக்கொள்ளாதவர்களே அதிகம். இங்கே அந்த நோய் குறைவுதான். இருந்தால் மருந்து இருக்கிறது, பார்க்காமல் விட்டால் ஈரல் புற்றுநோய் வரை போகும்.

நோர்வூட்காரர்களுக்குப் பக்கத்திலேயே டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் 150 படுக்கைக் கட்டடத்தை 2017 மே 12 அன்று நரேந்திர மோடி திறந்துவைத்து, அன்றே நோர்வூட் மைதானத்தில் பேசியது பலருக்கு ஞாபகமிருக்கும். போகும்போது புதுச் சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் அவை, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை, கஷாயப் போத்தல், டொனிக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிப்பீர்களா என்று டொக்டர் கேட்டால் எத்தனை 'கால்', வாரத்தில் எத்தனை நாள் என்று உள்ளபடி சொல்லுங்கள்; குடிக்காதவர் குடிப்பதில்லை என்று சொல்லி, "அப்படியானால் வேறு என்ன காரணம், சீனி பார்க்கவா, ஸ்கேன் எடுக்கவா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

சில வாரம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்று நான் சொன்னது எல்லோருக்குமல்ல. கண் மஞ்சளாகி ஆள் தடுமாறிப் பேசினால், இரத்த வாந்தி வந்தால், மலம் தார்போல் கறுத்தால், வயிறு திடீரென்று வீங்கினால், காய்ச்சலும் மஞ்சளுமாய்ச் சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும். கடைசியாகச் சொன்னது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இந்த நொதியங்கள் ஏறி, பிரஷரும் ஏறி, வலது விலாவுக்குக் கீழே வலித்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்க முடியாது. பனடோலை அளவுக்கு மேல் விழுங்கியவர் முதல் நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அதற்கான மாற்று மருந்து முதல் எட்டு மணிநேரத்துக்குள் ஏறினால்தான் முழுப் பலன். 1990 அம்பியூலன்ஸுக்குக் காசு கிடையாது.